புதிய ஆஸ்பத்திரிக்குத் தாதியர் எங்கிருந்து வருவார்கள்?

வன்னியில் ஒரு கிராமத்து மாதர் சங்கத்தின் மாதாந்தக் கூட்டம். சுழற்சிக் கடன் கணக்குகளைப் பார்த்து முடித்துப் புத்தகத்தை மூடும் நேரம். பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து நின்றார்.

"மிஸ், எங்கட ஆஸ்பத்திரியில புதுசா மாடிக் கட்டடம் கட்டி ரிப்பன் வெட்டினவை. நாங்களும் போய்ப் பாத்திட்டு வந்தனாங்கள். கட்டடம் நல்ல வடிவாத்தான் கிடக்கு. ஆனா என்ர பெறாமோளுக்கு ராத்திரி வயித்துக்குத்து வந்தோட அம்புலன்ஸில ஏத்தி யாழ்ப்பாணம் அனுப்பிப் போட்டினம். ஆனையிறவு தாண்டேக்கையே பிள்ளை பிறந்திட்டுது. புதுக் கட்டடம் பூட்டின படி கிடக்கு. நேர்ஸ்மார் இல்லையாம்."

தாயும் பிள்ளையும் சுகம் என்பது கடவுள் புண்ணியம். அம்புலன்ஸில் கூடப்போன ஒரேயொரு தாதியின் கெட்டித்தனமும் அதற்குக் காரணம். ஆனால் கூட்டத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் கொதித்துப் போனார்கள். "கட்டடத்துக்குக் காசு இருக்கு, நேர்ஸ்மாருக்குச் சம்பளம் குடுக்கக் காசில்லையோ?" என்று ஒருவர் கேட்டார். மகஜர் ஒன்று எழுதிக் கொடுப்பதென்று முடிவாயிற்று. அடுத்த கிழமை ஏழு பெண்களும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கோபத்துடன்தான் போனோம். திரும்பி வரும்போது கோபம் தீரவில்லை. ஆனால் அது திரும்ப வேண்டிய திசை வேறு என்று விளங்கியது. அதைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன்.

கடமைப் பட்டியலில் ஒரு கணக்கு

எங்களைச் சந்தித்தவர் தாதியருக்குப் பொறுப்பாக இருந்த மூத்த தாதிய சகோதரி. மகஜரை வாங்கி வாசித்தார். பிறகு மேசையில் கிடந்த கடமைப் பட்டியலை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஒரு விடுதியில எப்பவும் மூண்டு நேர்ஸ்மார் நிக்க வேணும் எண்டு வைப்பம். அப்ப எத்தினை பேரை நியமிக்க வேணும், சொல்லுங்கோ பாப்பம்?" என்று கேட்டார்.

"காலமை மூண்டு, பின்னேரம் மூண்டு, ராவைக்கு மூண்டு. ஒன்பது" என்றார் எங்களில் ஒருவர்.

சகோதரி சிரித்தார். பிறகு பேனையை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு நாளைக்கு 24 மணித்தியாலம். ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலம். நோயாளிக்கு ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, போயா விடுமுறையும் இல்லை. ஒரு தாதி கிழமைக்கு 40 மணித்தியாலம் வேலை செய்கிறார் என்று வைத்தால், ஒரு ஆள் நிற்கும் இடத்தை ஒரு கிழமை முழுக்க நிரப்புவதற்கே நான்கு பேருக்கு மேல் வேண்டும். ஓய்வு நாள், சுகவீன விடுமுறை, பயிற்சி வகுப்பு எல்லாவற்றையும் சேர்த்தால் ஐந்து பேர். அப்படியென்றால் எந்த நேரமும் மூன்று பேர் நிற்கும் விடுதிக்குப் பதினைந்து பேர் தேவை.

இன்னொன்றையும் சொன்னார். தாதியரில் பெரும்பாலானோர் பெண்கள், அதிலும் பலர் இளம் வயதினர். பிரசவ விடுமுறை அரச சேவையில் 84 வேலை நாட்கள். அது அவர்களது உரிமை. ஆனால் அந்த நாட்களில் அவர்களது இடத்துக்கு மாற்று ஆள் வருவதில்லை. மிச்சம் இருப்பவர்கள்தான் மேலதிக நேரம் நின்று அந்த இடத்தை நிரப்புகிறார்கள்.

அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் கணக்கு இன்னும் கடுமையானது. செயற்கைச் சுவாச இயந்திரத்தில் இருக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாதி அருகிலேயே நிற்க வேண்டும். நான்கு கட்டில்கள் என்றால் இருபது தாதியர். பிரசவ அறை, சத்திரசிகிச்சைக் கூடம், குறைமாதக் குழந்தைகளைப் பராமரிக்கும் பிரிவு, வெளிநோயாளர் பிரிவு எல்லாவற்றுக்கும் இப்படித் தனித்தனிக் கணக்கு இருக்கிறது.

"புதுக் கட்டடத்தைத் திறக்க இப்ப நிக்கிற விடுதிகளில இருந்துதான் ஆக்களை எடுக்க வேணும். எடுத்தா அங்க ஒரு பிள்ளை தனிய நாப்பது நோயாளியளைப் பாக்கும். ஊசி மாறினா, மருந்து பிந்தினா ஆர் பொறுப்பு? அதுதான் பூட்டி வச்சிருக்கிறம்" என்றார் சகோதரி.

எங்கள் ஏழு பேரிடமும் பதில் இருக்கவில்லை.

ஒரு தாதி உருவாக எத்தனை வருடம்?

கட்டடம் ஒன்றை எழுப்ப இரண்டு மூன்று வருடங்கள் போதும். வெளிநாட்டு உதவி கிடைத்தால் கட்டில், இயந்திரம், மின்பிறப்பாக்கி எல்லாம் கொள்கலனில் வந்து இறங்கிவிடும். தகைமை பெற்ற ஒரு தாதியை அப்படிக் கொண்டுவந்து இறக்க முடியாது.

வழியைப் பாருங்கள். ஒரு பிள்ளை க.பொ.த. சாதாரண தரத்தில் தமிழ், கணிதம், விஞ்ஞானம் ஆகியவற்றில் நல்ல பெறுபேறு எடுக்க வேண்டும். ஆங்கிலமும் கைகொடுக்க வேண்டும். பிறகு உயர்தரத்தில் விஞ்ஞானம் அல்லது கணிதப் பிரிவில் படித்துச் சித்தியடைய வேண்டும். அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு முதன்மையாக இந்தப் பிரிவுகளில் இருந்துதான் ஆட்களைத் தெரிவு செய்கிறார்கள். வர்த்தமானியில் விண்ணப்பம் கோரி, நேர்முகம் வைத்து, பயிற்சிக்கு எடுப்பதற்குள் ஓரிரு வருடங்கள் கழிந்துவிடுகின்றன. அதன் பின் மூன்று வருடப் பயிற்சி. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு உட்பட நாட்டின் பல இடங்களில் சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் படிக்கும் வழியும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் அந்தப் பட்டப்படிப்பு நடக்கிறது.

எல்லாவற்றையும் கூட்டினால், இன்று பதினோராம் வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளை வெள்ளைச் சீருடை உடுத்துக்கொண்டு விடுதியில் நிற்க ஏழு வருடம் அளவில் ஆகும். அப்படியென்றால் இன்று பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்கான தாதியரை ஏழு வருடங்களுக்கு முன்பே நாங்கள் தேடியிருக்க வேண்டும். தேட வேண்டிய இடம் ஆஸ்பத்திரியின் அலுவலகம் அல்ல. பாடசாலையின் விஞ்ஞான வகுப்பறை.

அந்த வகுப்பறை எங்கே இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. இலங்கையில் சுமார் 10,000 அரச பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான். அவையும் பெரும்பாலும் நகரங்களை அண்டியே இருக்கின்றன. நான் வேலை செய்யும் கிராமங்களில், உயிரியல் படிக்க விரும்பும் பிள்ளை பஸ்ஸில் தூர இடத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் உறவினர் வீட்டில் அல்லது விடுதியில் தங்க வேண்டும். பாடசாலை இருந்தாலும் இரசாயனவியல் ஆசிரியர் இல்லை, பௌதிகவியல் ஆசிரியர் வந்த கையோடு இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார் என்ற கதைகளைப் பெற்றோர் கூட்டங்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் விருப்பம் இல்லாமலே கலைப் பிரிவுக்குப் போகிறார்கள். கலைப் பிரிவு குறைந்தது அல்ல, நானும் அந்தப் பிரிவில் படித்தவள்தான். ஆனால் விருப்பப்பட்டுப் போவது வேறு, வேறு கதவு இல்லாமல் போவது வேறு.

வருகிறவர்களும் போகிறவர்களும்

எங்கள் பகுதியில் ஆட்கள் போதாதபோது வேறு மாவட்டங்களில் இருந்து தாதியரை நியமிக்கிறார்கள். அவர்களில் பலர் தமிழ் தெரியாத சிங்களப் பிள்ளைகள். அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு விடுதியில் நான் கண்ட ஒரு பிள்ளை, சின்னக் கொப்பி ஒன்றில் "நோகுதோ அம்மா", "மூச்சை இழுங்கோ", "பயப்பிடாதேங்கோ" என்று தமிழ்ச் சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதி வைத்திருந்தது. வருத்தக்காரரின் கட்டிலடிக்கு வந்து, கொப்பியைப் பார்த்துப் பார்த்துக் கதைக்கும். கிழவிகளுக்கு அந்தப் பிள்ளை மேல் உயிர். இரண்டு வருடம் கழித்து இடமாற்றம் கிடைத்துத் தன் ஊருக்குப் போய்விட்டது. தாய் தகப்பனை விட்டு எத்தனை வருடம்தான் நிற்கும்? வெளியூர்ப் பிள்ளைகளை நம்பி ஒரு ஆஸ்பத்திரி நிரந்தரமாக ஓட முடியாது என்பதற்கு இதுவே காரணம். ஊரில் பிறந்த பிள்ளைதான் ஊரில் நிற்கும்.

இன்னொரு பக்கத்தில் வெளிநாடு இழுக்கிறது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, அரச ஊழியர்கள் ஐந்து வருடங்கள் வரை சம்பளமற்ற விடுமுறை எடுத்து வெளிநாட்டில் வேலை செய்ய அரசாங்கம் அனுமதி வழங்கியது. தாதியரும் போனார்கள். அரிசியும் பால்மாவும் வாங்க முடியாத விலைக்கு ஏறியபோது குடும்பத்தைக் காப்பாற்றப் போனவர்களை எப்படிக் குறை சொல்வது? உலகம் முழுவதும் தாதியருக்கு வேலை காத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023ஆம் ஆண்டில் உலகில் 2 கோடியே 98 இலட்சம் தாதியர் இருந்தார்கள். அப்படியிருந்தும் 58 இலட்சம் பேருக்குத் தட்டுப்பாடு. பணக்கார நாடுகள் கூடுதல் சம்பளம் கொடுத்து அழைக்கும்போது ஏழை நாட்டின் கட்டில்களே வெறுமையாகின்றன.

சான்றிதழ் இல்லாத கைகள்

எங்கள் மண்ணுக்குத் தாதியச் சேவை புதிதல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் கற்பித்தார். 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மக்லியோட் ஆஸ்பத்திரி தொடங்கியது; உள்ளூர்ப் பெண்கள் அங்கே தாதியராகப் பயிற்சி பெற்றார்கள். அந்நிய ஆட்களின் புண்ணைத் தொடுவதா, இரவில் வேலைக்குப் போவதா என்று ஊர் கேட்ட காலத்தில் துணிந்து போனவர்கள் அவர்கள்.

போர்க் காலத்தில் அந்தத் துணிவுக்குக் கொடுத்த விலையும் பெரிது. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாளன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நடந்த படுகொலையில் நோயாளருடன் வைத்தியர்களும் தாதியரும் ஊழியர்களும் உயிரிழந்தார்கள். 2009இல் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பாடசாலைக் கட்டடங்களே ஆஸ்பத்திரிகளாக இயங்கின. அங்கே பயிற்றப்பட்ட சிலரோடு, பயிற்சியே இல்லாத பல இளம் பெண்களும் காயத்துக்குக் கட்டுப் போட்டார்கள், சேலைன் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கூட்டத்தில் முதலில் எழுந்து பேசிய அந்த அம்மா, திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அருகில் இருந்தார். "என்ர கடைசி மோள் புதுமாத்தளனில பிறந்தவள் மிஸ். 2009 பங்குனி. அப்ப என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது ஒரு சின்னப் பிள்ளை. பத்தொன்பது வயசிருக்கும். தொண்டராய் நிண்டது. அது இல்லாட்டி நானும் இல்லை, மோளும் இல்லை" என்றார்.

அந்தத் தொண்டர் பெண் இப்போது எங்கே என்று கேட்டேன். பக்கத்துக் கிராமத்தில் தையல் தைத்துச் சீவிக்கிறாராம். உயர்தரப் பரீட்சை எழுதும் வயதில் பதுங்கு குழியில் இருந்தவருக்குச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? போருக்குப் பிறகு வடக்கில் சுகாதாரத் தொண்டர்கள் நிரந்தர நியமனம் கேட்டுப் பல வருடங்கள் வீதியில் இருந்து போராடியதை வாசகிகள் மறந்திருக்க மாட்டீர்கள். தகைமை இல்லாமல் ஒருவரைத் தாதியாக நியமிக்கக் கூடாது என்பது சரி. ஏனென்றால் கட்டிலில் கிடப்பது எங்கள் உயிர். ஆனால் அவர்கள் செய்த சேவையைக் கணக்கில் எடுத்து, பயிற்சி கொடுத்து, அதற்கேற்ற வேறு பதவிகளிலாவது அமர்த்துவது நியாயம்.

ஏமாற வேண்டாம்

தட்டுப்பாடு இருக்கும் இடத்தில் ஏமாற்றுவோரும் இருப்பார்கள். "ஆறு மாதத்தில் நேர்சிங், அரச வேலை நிச்சயம்" என்று துண்டுப்பிரசுரம் ஒட்டுகிறார்கள். தோட்டை அடகு வைத்துக் காசு கட்டி, கடைசியில் கையில் ஒரு கடதாசியோடு நிற்கும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். குறுகிய காலப் பயிற்சிகள் எல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. பராமரிப்பு உதவியாளர் வேலைக்கு அவை உதவலாம். ஆனால் அரச ஆஸ்பத்திரியில் தாதிய உத்தியோகத்தராவதற்கு அந்தக் கடதாசி போதாது. காசு கட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்தச் சான்றிதழ் தேசிய தொழிற் தகைமை பெற்றதா? எந்தப் பதவிக்கு இது செல்லும்? பதிலை எழுத்தில் தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையில் அல்லது பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

இன்னொரு செய்தி பல தாய்மாருக்குத் தெரியாது. அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் சேரக் கட்டணம் கட்டத் தேவையில்லை. பயிற்சிக் காலத்தில் மாதக் கொடுப்பனவும் கிடைக்கும். வறுமை காரணமாகப் பிள்ளையை மறிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வயது, தகைமை போன்ற நிபந்தனைகள் காலத்துக்குக் காலம் மாறும். ஆகவே ஒவ்வொரு முறையும் வர்த்தமானி அறிவித்தலை முழுமையாக வாசியுங்கள். வர்த்தமானி ஊருக்கு வந்து சேராது. நாங்கள்தான் தேடிப் போக வேண்டும்.

எங்கள் சங்கம் என்ன செய்தது?

அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள் எடுத்தோம்.

முதலாவது, இரண்டாவது மகஜர் ஒன்றை வலயக் கல்விப் பணிமனைக்குக் கொடுத்தோம். எங்கள் பகுதிப் பாடசாலைக்கு இரசாயனவியல், பௌதிகவியல் ஆசிரியர்களை நியமிக்கும்படி கேட்டிருக்கிறோம். ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டுகிற அன்றே பாடசாலைக்கு ஆசிரியர் வர வேண்டும் என்பதே எங்கள் வாதம்.

இரண்டாவது, ஆஸ்பத்திரிக்கு வரும் வெளியூர்த் தாதியருக்கு உத்தியோகத்தர் விடுதி போதாது என்று அறிந்து, பாதுகாப்பான அறை வாடகைக்குக் கொடுக்கக்கூடிய வீடுகளின் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தோம். கணவனை இழந்து தனியாக இருக்கும் இரண்டு அம்மாமார் முன்வந்தார்கள். அவர்களுக்கும் மாதம் ஒரு வருமானம், வீட்டில் ஒரு துணை.

மூன்றாவது தீர்மானத்தில்தான் வாக்குவாதம் வந்தது. சுழற்சிக் கடனில் ஒரு பகுதியைக் கோழி, ஆடு வளர்ப்புக்கு மட்டுமன்றி, உயர்தரம் விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் பெண்பிள்ளைகளின் போக்குவரத்துக்கும் விடுதிச் செலவுக்கும் கொடுப்பதா? "கோழி முட்டை போடும், கடன் திரும்பி வரும். பிள்ளை படிச்சு முடிச்சு எப்ப திரும்பக் கட்டும்?" என்று பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஏழு வருடம் பொறுக்க எங்கள் சங்கத்தின் கையிருப்புக்குச் சக்தி இல்லை. கடைசியில் சிறு தொகையாக, இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும், தாய் மாதாமாதம் சிறிது சிறிதாகக் கட்டும் முறையில் கொடுப்பதென்று முடிவாயிற்று.

அதில் ஒரு பிள்ளை, புதுமாத்தளனில் பிறந்த அந்த மகள். "ராவேலைக்குப் போற பிள்ளையை ஆர் கலியாணம் கட்டுவினம்?" என்று அவளது பெரியம்மா ஒரு நாள் சத்தம் போட்டார். தாய் அமைதியாகப் பதில் சொன்னார்: "நான் அவளைப் பெத்ததும் ராவைக்குத்தான் அக்கா. அண்டைக்கு என்னட்டை ஒரு பிள்ளை வராட்டி?"

பெரியம்மா அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை.

அவள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவுக்குப் போக ஆயத்தமாகிறாள். இரசாயனவியல் ஆசிரியர் இன்னும் வரவில்லை. நாங்கள் திரும்பவும் வலயப் பணிமனைக்குப் போகத்தான் வேண்டும். சகோதரிகளே, உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் தாதியர் இல்லை என்று கேள்விப்பட்டால் மகஜர் எழுதுங்கள், கேளுங்கள். அது உங்கள் உரிமை. அதேநேரம் வீட்டில் பத்தாம், பதினோராம் வகுப்பில் ஒரு மகள் இருந்தால், விஞ்ஞானப் பாடத்தில் அவள் எத்தனை புள்ளி எடுத்தாள் என்றும், யார் படிப்பிக்கிறார்கள் என்றும் இன்று இரவே ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.